வலது பக்கப் பின்விளக்கு: எர்த்தைத் தேடிப் போன கதை

எங்கள் வண்டியில் பிரேக்கை மிதித்தால் வலது பக்கப் பின்விளக்கு பளிச்சென்று எரியவேண்டும். அது போய், ஏற்கெனவே இருந்த வெளிச்சமும் மங்கத் தொடங்கியது. ஏழு பேர் உட்காரும் டீசல் எஸ்யூவி, வயது எட்டைத் தாண்டிவிட்டது. அம்மா, மனைவி, பிள்ளைகள் என்று மொத்தக் குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு தூத்துக்குடியிலிருந்து மதுரைக்கு அடிக்கடி போய்வரும் வண்டி. எட்டயபுரம் வழியாகப் போகும் அந்த நான்குவழிச் சாலையில் இரவு நேரத்தில் நமக்குப் பின்னால் வருவது பெரும்பாலும் துறைமுகச் சரக்கு ஏற்றிய கனரக லாரிதான். முப்பது, நாற்பது டன் எடையோடு வருகிறவருக்கு நாம் பிரேக் பிடிப்பது ஒரு நொடி தாமதமாகத் தெரிந்தாலும் போதும், அவரால் ஒன்றும் செய்ய முடியாது. பின்சீட்டில் இருப்பது என் பிள்ளைகள். அதனால்தான் இந்தச் சின்ன பல்பு விஷயத்தை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

இதை எனக்குச் சொன்னவர் எதிர்வீட்டு லாரி ஓட்டுநர். "அண்ணாச்சி, நேத்து உங்க பின்னாலதான் வந்தேன். நீங்க பிரேக் போடுத நேரம் வலது பக்கம் லைட்டு அணையுத மாதிரி இருக்கு, அந்த மஞ்ச இண்டிகேட்டர் லேசா மினுங்குது. என்னன்னு பாத்திருங்க" என்றார். அவர் சொன்னதில் இருந்த இரண்டு விவரங்களும் பழுதை ஏறக்குறைய அப்படியே காட்டிக்கொடுத்தன. பிரேக் போட்டால் மங்குகிறது, சம்பந்தமே இல்லாத இண்டிகேட்டர் மினுங்குகிறது. பின்விளக்கில் கோளாறு என்று யாராவது சொன்னால் "எரியலை" என்பதோடு விட்டுவிடாமல், எதைப் போட்டபோது எது எரிந்தது, எது அணைந்தது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் வண்டி போனது ஒரு கடைக்கு. பல்பு மாற்றினார்கள். மழை பெய்ததும் பழையபடி ஆனது. அடுத்து எல்.இ.டி. பல்பு போட்டுப் பார்த்தார்கள். அது சும்மா இருக்கும்போதும் மங்கலாக எரிந்துகொண்டே இருந்தது. கடைசியில், "லாம்ப் செட்டையே மாத்திரணும் சார்" என்றார்கள். விலை பல ஆயிரம். சரியான காரணம் தெரியாமல் உதிரிபாகம் மாற்றுவதில் எனக்கு விருப்பமில்லை. வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

எங்கள் தெருமுனையில் வயதான ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் இருக்கிறார். முன்புபோல அவர் குனிந்து வேலை செய்வதில்லை, ஆனால் கேட்டால் பொறுமையாகச் சொல்லுவார். நான் விவரம் சொல்லி முடிக்கும் முன்பே, "பல்புல என்ன இருக்கு தம்பி, எர்த்தப் பாருங்க" என்றார்.

அவர் சொன்னதைப் புரிந்துகொள்ள அந்த பல்பைக் கொஞ்சம் பார்க்கவேண்டும். இன்னும் பல வண்டிகளில் டெயில் லைட்டும் பிரேக் லைட்டும் ஒரே பல்புதான். கடையில் டபுள் பிலமெண்ட் என்பார்கள். அடிப்பாகத்தில் பி21/5டபிள்யூ என்று பொறித்திருக்கும். 5 வாட் பிலமெண்ட் ஒன்று, இரவில் எப்போதும் எரிய. 21 வாட் பிலமெண்ட் இன்னொன்று, பிரேக் மிதிக்கும்போது மட்டும் எரிய. இரண்டுக்கும் மின்சாரம் தனித்தனி வயரில் வருகிறது. திரும்பிப் போகும் வழி மட்டும் ஒன்றே ஒன்று: பல்பின் உலோக உடம்பு, அங்கிருந்து ஒரு எர்த் வயர், அங்கிருந்து வண்டியின் பாடித் தகடு. எங்கள் வண்டியில் அந்தப் பக்கத்து இண்டிகேட்டருக்கும் ரிவர்ஸ் விளக்குக்கும்கூட அதே எர்த் வயர்தான்.

அந்த ஒரு வழி அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்? வடிகால் அடைத்தால் தண்ணீர் பக்கத்து வயலுக்குள் ஏறுவதுபோல, மின்சாரமும் கிடைத்த பக்கமெல்லாம் நுழைந்து வெளியேறப் பார்க்கும். பிரேக் பிலமெண்ட் வழியாக வந்த மின்சாரம், எர்த்தில் போக முடியாமல் பின் இண்டிகேட்டர் பல்புக்குள் தலைகீழாக நுழைந்து, அதே வயரில் இருக்கும் முன் இண்டிகேட்டர் பல்பு வழியாக முன்பக்க எர்த்தைப் போய்ச் சேர்கிறது. மூன்று பல்பு வரிசையாக இருப்பதால் எதற்கும் முழு வோல்டேஜ் கிடைக்காது. எல்லாம் அழுது வடியும். இருட்டில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு மகனை முன்னால் போய்ப் பார்க்கச் சொன்னேன். "ஆமாப்பா, முன்னாடி இண்டிகேட்டரும் லேசா எரியுது" என்றான். பின்னால் பிரேக் போட்டதற்கு முன்னால் இண்டிகேட்டர் எரிகிறது என்றால் அது பல்புக் கோளாறாக இருக்க வாய்ப்பில்லை.

இன்னொரு தடயமும் எங்கள் கண்முன்னாலேயே இருந்தது. கொஞ்ச நாளாகவே பார்க்கிங் சென்சார் சரியாக வேலை செய்யவில்லை. ரிவர்ஸ் போட்டதும் பீப் வரும், பிரேக்கில் கால் வைத்தால் நின்றுவிடும், காலை எடுத்தால் மறுபடி வரும். தனியாக ஒரு கடையில் பின்னர் போட்ட சென்சார் அது. விளக்குக் கோளாறும் சென்சார் கோளாறும் ஒரே மூலையில், ஒரே சமயத்தில் தொடங்கியிருக்கின்றன என்றால் இரண்டுக்கும் பொதுவான ஏதோ ஒன்றைத்தான் தேடவேண்டும்.

இனி அளந்த கதை. ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். டி.சி. 20 வோல்ட்டில் வைத்துக்கொள்ளுங்கள். டெயில் லாம்பைக் கழற்ற, டிக்கி கதவைத் திறந்தால் ஓரத்தில் இரண்டு போல்ட் தெரியும். எங்களுடையதில் 10 நம்பர் ஸ்பேனர். போல்ட்டைக் கழற்றியபின் லாம்பை வெளிப்பக்கமாக நெம்பக் கூடாது. மறுபக்கம் பிளாஸ்டிக் குச்சிகள் பாடியில் செருகியிருக்கும், நெம்பினால் அவை முறியும். நேராகப் பின்பக்கமாக இழுக்கவேண்டும். பக்கத்துப் பெயிண்டில் கீறல் விழாமலிருக்க மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொண்டேன். லாம்பை முழுதாகக் கழற்றிவிடாமல், கப்ளர் (லாம்போடு வயர்களைச் சேர்க்கும் பிளாஸ்டிக் இணைப்பு) மாட்டியபடியே ஒரு பழைய துண்டின்மேல் வைத்தேன். விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது அளப்பதுதான் இதில் முக்கியம்.

கறுப்பு முனையைப் பக்கத்தில் சுத்தமான பாடி உலோகத்தில் வைத்தேன். டிக்கிப் பூட்டு மாட்டும் கொக்கியின் போல்ட் அதற்கு வசதி. சிவப்பு முனையில் ஒரு குண்டூசியைச் சேர்த்துப் பிடித்து, கப்ளரின் பின்பக்கமாக ஒவ்வொரு வயராகத் தொட்டுப் பார்த்தேன். மகன் பிரேக்கை மிதிக்க, பிரேக் வயரில் 12.1 வோல்ட். அப்படியானால் சுவிட்ச், பியூஸ், முன்னாலிருந்து வரும் நீளமான வயர் எல்லாம் சரி. அடுத்து எர்த் வயர். அங்கே கிட்டத்தட்டப் பூஜ்யம் இருக்கவேண்டும், அதிகம் போனால் 0.1, 0.2 வோல்ட். பார்க்கிங் லைட்டை மட்டும் போட்டபோது 2.3 வோல்ட் காட்டியது. பிரேக்கையும் மிதித்ததும் 7.2. பல்புக்கு வந்த 12 வோல்ட்டில் 7 வோல்ட் எர்த் வழியிலேயே தின்னப்படுகிறது, பல்புக்கு மிஞ்சுவது ஐந்து.

பிலமெண்ட் பல்பில் வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்துவிடும். பாதிக்கும் கீழே போனால் பிலமெண்ட் சிவப்பாகக் கனலும், அவ்வளவுதான், வெளிச்சம் என்று சொல்ல எதுவும் இருக்காது. பார்க்கிங் மட்டும் போட்டால் 5 வாட் பிலமெண்ட் இழுப்பது அரை ஆம்பியருக்கும் குறைவு. அதனால் இழப்பு சிறிது, விளக்கு ஓரளவு நன்றாகவே எரிவதுபோலத் தோன்றும். பிரேக்கை மிதித்ததும் 21 வாட் பிலமெண்ட் ஒன்றேமுக்கால் ஆம்பியர்வரை கேட்கும். அடைப்பு இருக்கும் எர்த்தால் அதைத் தாங்க முடியாது. கூடவே எரியும் டெயில் பிலமெண்டும் சேர்ந்து சுருண்டுவிடுகிறது. லாரிக்காரர் கண்ணில் பட்டது இதுதான்.

வயர் அறுபடாமல் இருக்கிறதா என்று பார்க்க மல்டிமீட்டரில் பீப் சத்தம் வரும் கண்டினியூட்டி சோதனையை மட்டும் நம்பாதீர்கள் என்று இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். இதே எர்த் வயரை விளக்கை அணைத்துவிட்டுச் சோதித்தபோது மீட்டர் அழகாகப் பீப் அடித்தது. பல மீட்டர்கள் 30 ஓம், 50 ஓம் தடை இருந்தாலும் பீப் கொடுக்கும். பிரேக் விளக்கைக் கெடுக்க ஏழு ஓம் போதும். மீட்டர் அனுப்பும் துளி மின்சாரத்துக்கு ஒற்றை நூல் செப்புக் கம்பிகூட ராஜபாட்டைதான். சுமை ஏற்றி அளந்தால்தான் உண்மை தெரியும். மெக்கானிக் ஒருவர் பீப் சத்தத்தைக் கேட்டுவிட்டு "எர்த் ஓகே" என்று சொன்னால், விளக்கைப் போட்டுவிட்டு வோல்ட்டில் அளந்து காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

உறுதிப்படுத்த ஒரு கடைசிச் சோதனை. இரண்டு முனையிலும் கிளிப் வைத்த ஒரு முழ வயரை எடுத்து, ஒரு முனையை கப்ளரின் எர்த் பின்னிலும் (எர்த் வயர் வந்து சேரும் உலோக முனை) மறுமுனையை அந்தக் கொக்கி போல்ட்டிலும் மாட்டினேன். மறுநொடியே பிரேக் விளக்கு குப்பென்று எரிந்தது. சுவரெல்லாம் சிவப்பு. இண்டிகேட்டரின் மினுக்கமும் நின்றது. லாம்ப் செட்டில் ஒரு குறையும் இல்லை. மாற்றச் சொன்ன பொருள் அது.

எர்த் வயர் எங்கே போய் முடிகிறது என்று பின்தொடர்ந்தேன். டிக்கிக்குள் வலதுபக்கம், ஜாக்கி வைக்கும் அறைக்குப் பின்னால், பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினால் பாடித் தகட்டில் ஒரு போல்ட். டார்ச் அடித்துப் பார்த்ததும் விஷயம் தெரிந்துவிட்டது. எர்த் வயரின் நுனியில் தொழிற்சாலையில் போட்ட வளைய முனைக்கும் தகட்டுக்கும் நடுவில், பார்க்கிங் சென்சாரின் கறுப்பு வயரை உரித்து, செப்புக் கம்பியை வெறுமனே முறுக்கிச் செருகியிருந்தார்கள். போல்ட்டை விரலாலேயே திருப்ப முடிந்தது. செப்புக் கம்பி முழுக்கப் பச்சைக் களிம்பு. தொட்டதும் உதிர்ந்தது. வளைய முனையின் விளிம்பில் வெள்ளையாகப் பொடி பூத்திருந்தது. தகட்டில் போல்ட்டைச் சுற்றிக் கறுத்த துரு.

வளைய முனை தகட்டில் தட்டையாகப் படிந்து உட்கார்ந்தால்தான் முழுப் பரப்பும் மின்சாரம் கடத்தும். நடுவில் முறுக்கிய கம்பி இருந்தால் ஓரிரு புள்ளிகள் மட்டுமே தொடும். மிச்ச இடைவெளியில் ஈரம் போய் உட்காரும். எங்கள் ஊர்க் காற்றில் உப்புக்குக் கேட்கவேண்டுமா! செம்பும் துத்தநாகமும் இரும்பும் ஒன்றையொன்று தொட்டபடி உப்பு ஈரத்தில் இருந்தால் அதுவே ஒரு குட்டி பாட்டரி ஆகிவிடும். ஒன்று இன்னொன்றைத் தின்ன ஆரம்பிக்கும். சென்னைக் கடற்கரையோரம், நாகப்பட்டினம், ராமேஸ்வரம், கன்னியாகுமரி என்று கடல் அருகே வண்டி வைத்திருக்கும் எல்லோருக்கும் இது பொருந்தும். வெளிக்கடையில் கேமரா, சென்சார், ரிவர்ஸ் ஹாரன் என்று எதையாவது மாட்டியிருந்தால், அதன் எர்த் வயரை எங்கே கொண்டுபோய் இணைத்தார்கள் என்று ஒருமுறை மூடியைக் கழற்றிப் பார்த்துவிடுங்கள்.

சரிசெய்வது கடினமான வேலை இல்லை, ஆனால் அவசரமில்லாமல் செய்யவேண்டும். முதலில் பாட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றினேன். போல்ட்டை எடுத்துவிட்டு, தகட்டை உப்புத்தாளால் வெள்ளி மாதிரி மினுங்கும்வரை தேய்த்தேன். வளைய முனை அரித்துப்போயிருந்ததால் அதை வெட்டிவிட்டு, வயரைக் கொஞ்சம் உரித்துப் பார்த்தேன். களிம்பு வயருக்குள்ளும் ஏறியிருந்தது. பளபளப்பான செம்பு வரும்வரை வெட்டிக்கொண்டே போனேன், ஒரு விரற்கடை போயிற்று. ஈயம் பூசிய புதிய வளைய முனை போட்டு, அதற்கென்றே இருக்கும் கிரிம்பிங் குறடால் அழுத்தினேன். சாதாரணக் குறடால் நசுக்கினால் அடுத்த மழைக்காலத்தில் இதே வேலை மறுபடி வரும். சென்சார் வயருக்கும் தனியாக ஒரு வளைய முனை. விளக்கின் முனை தகட்டை ஒட்டி அடியில், சென்சார் முனை அதன்மேல், அதற்குமேல் பல் வைத்த ஸ்டார் வாஷர், அப்புறம் போல்ட். இறுக்கி முடித்த பிறகு வாசலினை மேலே தாராளமாகத் தடவினேன். இறுக்கும் முன் தடவவேண்டியதில்லை. நமக்குத் தேவை உலோகத்தோடு உலோகம் சேர்வது, வாசலின் வெளியிலிருந்து வரும் ஈரத்தைத் தடுக்க மட்டும்.

பல்பு ஹோல்டரையும் பார்த்தேன். அதன் பித்தளை நாக்குகளைக் காண்டாக்ட் கிளீனர் அடித்துப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தேன். ஹோல்டரின் பிளாஸ்டிக் பழுப்பேறியோ உருகியோ இருந்தால் அதை மாற்றித்தான் ஆகவேண்டும், எங்களுடையது தப்பித்தது. எல்.இ.டி.யைக் கழற்றிவிட்டுச் சாதாரண பி21/5டபிள்யூ பல்பையே போட்டேன். நல்ல கம்பெனிப் பல்பே நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. இந்த பல்பின் பக்கவாட்டில் இருக்கும் இரண்டு மொட்டுகளும் ஒரே உயரத்தில் இருக்காது, ஒன்று மேலே ஒன்று கீழே. வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருக்கிறார்கள், தலைகீழாக மாட்டிவிடக் கூடாது என்று. வலுக்கட்டாயமாகத் திருகி மாட்டினால் டெயில் பிலமெண்ட் எரியவேண்டிய இடத்தில் பிரேக் பிலமெண்ட் எரியும். இரவு முழுக்க ஒரு பக்கம் பிரேக் விளக்கு எரிந்தபடி போகும் வண்டிகளைப் பார்த்திருப்பீர்கள். காரணம் அனேகமாக இதுவாக இருக்கும்.

பாட்டரியை மாட்டி மறுபடி அளந்தேன். பார்க்கிங், பிரேக், இண்டிகேட்டர், ரிவர்ஸ் எல்லாம் ஒன்றாகப் போட்டும் எர்த் வயரில் 0.1 வோல்ட்கூட இல்லை. சென்சாரும் பிரேக்கில் கால் வைத்தபடியே ஒழுங்காகக் கத்தியது.

அந்த மூலைக்கு ஈரம் எப்படி வந்தது என்பதையும் பார்க்காமல் விட்டால் வேலை பாதிதான். டெயில் லாம்புக்குப் பின்னால் ஒரு பஞ்சு கேஸ்கட் இருக்கும். எங்களுடையது ஒரு இடத்தில் கிழிந்து மடிந்திருந்தது. மழைத் தண்ணீர் அந்த இடைவெளி வழியே பாடிக்குள் இறங்கி, ஜாக்கி அறையில் தேங்கி, போல்ட்டை நனைத்திருக்கிறது. தண்ணீர் உறிஞ்சாத மூடிய ரகப் பஞ்சுப் பட்டையை வாங்கி, பழைய பசையைச் சுத்தமாகச் சுரண்டிவிட்டு ஒட்டினேன். அப்புறம் மனைவி வெளியிலிருந்து குழாயால் தண்ணீர் அடிக்க, நான் டிக்கிக்குள் உட்கார்ந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு சொட்டு வரவில்லை. லாம்பைச் சுற்றி முழுக்க சிலிகான் பூசிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். நான் செய்யமாட்டேன். லாம்பின் பின்பக்கம் காற்றுப் போய்வரச் சிறிய துளைகள் வைத்திருப்பார்கள். அதை அடைத்தால் உள்ளே ஏறிய ஆவி வெளியேற வழியில்லாமல் கண்ணாடியில் முத்துமுத்தாகப் படியும். அடுத்தமுறை பல்பு மாற்றவும் முடியாது.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தபோது நம்பர் பிளேட் விளக்கு கண்ணில் பட்டது. டிக்கியை மூடினால் அணைகிறது, பாதி தூக்கினால் எரிகிறது. மேலே கண்ணாடியோரம் இருக்கும் மூன்றாவது பிரேக் லைட்டும் அதேபோல. கதவின் நிலையைப் பொறுத்து விளக்கு மாறினால் வேறெங்கும் தேடவேண்டாம். பாடிக்கும் டிக்கி கதவுக்கும் நடுவே கூரையோரம் அக்கார்டியன் மாதிரி ஒரு ரப்பர் குழாய் போகும், அதற்குள்தான் பழுது. பின் வைப்பர், கண்ணாடிச் சூடேற்றி, பூட்டு, நம்பர் பிளேட் விளக்கு எல்லாவற்றுக்கும் வயர் அதன் வழியாகத்தான் போகிறது. கதவை ஒவ்வொரு தடவை தூக்கும்போதும் அத்தனை வயரும் அதே இடத்தில் மடங்கும். மேலே தூக்கும் கதவுள்ள எஸ்யூவிகளில் வருஷங்கள் ஆக ஆக இது அடிக்கடி வரும்.

ரப்பர் குழாயை இரண்டு முனையிலும் விடுவித்து இழுத்துப் பார்த்தால், இரண்டு வயர் முழுதாக அறுந்திருந்தன. இன்னொன்றின் மேலுறை வெடித்துச் செம்பு தெரிந்தது. இப்படி வெடித்த வயர் பாடியைத் தொட்டால் பியூஸ் போகும். அதனால் அறுந்ததை மட்டும் ஒட்டாமல் உள்ளே இருக்கும் ஒவ்வொரு வயரையும் விரலால் மடக்கிப் பார்க்கவேண்டும். ஒட்டும்போது முக்கியமான ஒன்று: மடங்கும் இடத்தில் சாலிடர் வைக்கக் கூடாது. ஈயம் ஊறிய கம்பி விறைத்துவிடும், அதன் ஓரத்திலேயே மறுபடி ஒடியும். நான் பழைய வயரைக் குழாய்க்கு வெளியே இரண்டு பக்கமும் வெட்டிவிட்டு, நடுவில் மெல்லிய இழைகள் நிறைய உள்ள, நன்றாக வளையும் புதிய வயரைப் போட்டேன். இணைப்புகள் பாடிக்குள்ளும் கதவுக்குள்ளும் அசையாத இடத்தில் வந்தன. எல்லா இணைப்பும் ஒரே இடத்தில் வந்தால் முண்டு கட்டி உள்ளே நுழையாது, அதனால் ஏற்ற இறக்கமாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போட்டேன். கறுப்பு டேப் வேண்டாம். நம் வெயிலில் அதன் பசை உருகி வழிந்துவிடும்.

நம்பர் பிளேட் விளக்குதானே என்று விட்டுவிடலாகாது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 105ஆம் விதி இதைத் தெளிவாகச் சொல்கிறது: பின்பக்கச் சிவப்பு விளக்கு 155 மீட்டர் தூரத்திலிருந்து தெரியவேண்டும், பதிவெண் வெள்ளை வெளிச்சத்தில் 15 மீட்டர் தூரத்திலிருந்து படிக்க முடியவேண்டும்.

உங்கள் வண்டியில் கோளாறு வேறு மாதிரி இருக்கலாம். எது எரிகிறது, எது எரியவில்லை என்பதிலேயே பாதி பதில் இருக்கிறது. இரண்டு பக்கமும், மேலே உள்ள மூன்றாவதும் சேர்ந்து பிரேக் விளக்கு எரியவில்லை என்றால், மூன்று பல்பும் ஒரே நாளில் போயிருக்காது. பியூஸ் அல்லது பிரேக் பெடலுக்கு மேலே இருக்கும் சுவிட்ச். பட்டனை அழுத்தி ஸ்டார்ட் செய்யும் வண்டிகளில் அந்தச் சுவிட்ச் கெட்டால் வண்டி ஸ்டார்ட்டே ஆகாமல் போகலாம், ஆட்டோமேட்டிக் என்றால் கியர் 'பி'யை விட்டு நகராமல் அடம்பிடிக்கலாம். காலை எடுத்தபிறகும் பிரேக் விளக்கு எரிந்துகொண்டே இருந்தால், பெடலில் சுவிட்ச் முட்டும் இடத்தில் உள்ள சிறிய ரப்பர் குமிழ் நொறுங்கிப்போயிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். கால் வைக்கும் பாயில் அதன் துண்டுகள் கிடக்கும். ஒரு பக்க இண்டிகேட்டர் மட்டும் படபடவென்று வேகமாக அடித்தால் அந்தப் பக்கம் ஒரு பல்பு போய்விட்டது. பல்பைக் கழற்றிப் பார்க்கும்போது கண்ணாடி கறுத்திருந்தால் வயதாகிவிட்டது என்று அர்த்தம். உள்ளே வெள்ளையாகப் பூத்திருந்தால் எங்கோ விரிசல் வழியே காற்று நுழைந்திருக்கிறது.

பியூஸ் போனால் அதே அளவில் இன்னொன்று போடலாம். சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20. அதுவும் போனால் எங்கோ ஷார்ட். பெரிய பியூஸ் போட்டு ஓட்டினால் அடுத்து எரியப்போவது வயர். அப்புறம், கூரையைத் தாங்கும் பாடித் தூணுக்குள் வயர் தேடும்போது மஞ்சள் கப்ளரோ மஞ்சள் உறை போட்ட வயரோ தென்பட்டால் அதில் கை வைக்காதீர்கள், ஏர்பேக் வயர் அது. மீட்டர் முனையைக்கூட அங்கே கொண்டுபோகக் கூடாது.

பல்புக்குப் பதில் எல்.இ.டி. போடுவதைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். தொழிற்சாலையிலிருந்தே எல்.இ.டி.யோடு வந்த விளக்கு நன்றாகத்தான் இருக்கிறது. பிலமெண்டுக்காகச் செய்த லாம்புக்குள் எல்.இ.டி. பல்பைச் செருகுவதை நான் ஆதரிக்கமாட்டேன். உள்ளே இருக்கும் பிரதிபலிப்பான் பிலமெண்ட் இருக்கும் அந்தப் புள்ளியைக் கணக்கிட்டு வளைக்கப்பட்டது. ஒளி வேறு இடத்திலிருந்து வந்தால் பக்கத்தில் நின்று பார்க்கப் பளிச்சென்று இருக்கும், தூரத்திலிருந்து வருகிறவருக்குச் சரியாகத் தெரியாது. எர்த் கோளாறை அது மறைக்கவும் செய்யும். எல்.இ.டி. இழுப்பது துளி மின்சாரம் என்பதால் களிம்பேறிய எர்த்திலும் எரிந்து காட்டும், போல்ட் உள்ளே அரித்துக்கொண்டே இருக்கும்.

தனியாக இருக்கும்போது பிரேக் விளக்கைச் சோதிக்க, இரவில் வண்டியைச் சுவருக்கு அருகே பின்னால் கொண்டுபோய் நிறுத்தி மிதித்துப் பார்த்தால் கண்ணாடியில் இரண்டு பக்கச் சிவப்பும் தெரியும். இரண்டும் ஒரே அளவு பிரகாசமாக இருக்கிறதா என்று பார்க்கவேண்டும், எரிகிறதா என்று மட்டும் பார்த்தால் எங்கள் வண்டியின் கோளாறு பிடிபட்டிருக்காது. முதலில் பார்க்கிங் லைட்டோடு, பிறகு பிரேக், அதன்மேல் இண்டிகேட்டர், கடைசியில் ரிவர்ஸ் என்று ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டே போங்கள். சுமை கூடக்கூட ஒரு பக்கம் மட்டும் தளர்ந்தால் எர்த் போல்ட்டைத் தேடிப் போகலாம். அளக்கும்போது நீண்ட நேரம் பிரேக் மிதிக்க ஆள் இல்லையென்றால், சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவே அளவாக வெட்டிய ஒரு கட்டையைக் கொடுத்துவிடலாம்.

புதிய மாடல்களில் பின்விளக்கு முழுக்க எல்.இ.டி., பிரிக்க முடியாமல் ஒட்டி மூடியது. விளக்குகளை இயக்குவதும் ஒரு கட்டுப்பாட்டுக் கணினி. அவற்றில் டெஸ்ட் லாம்பை (மின்சாரம் வருகிறதா என்று பார்க்கும் ஊசி வைத்த சோதனை விளக்கு) கண்டபடி வயரில் குத்தக் கூடாது, அது இழுக்கும் மின்சாரமே அந்தக் கணினிக்கு ஆகாமல் போகலாம். கப்ளரைக் கழற்றி எர்த் பின்னையும் சப்ளை பின்னையும் மல்டிமீட்டரில் மட்டும் பாருங்கள். ஒரு 5 வாட் பல்பை அந்த எர்த் பின்னுக்கும் பாட்டரி பாசிட்டிவுக்கும் நடுவே மாட்டி, அது எரியும்போது எர்த் பின்னில் எவ்வளவு வோல்ட் ஏறுகிறது என்று அளந்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். எர்த்தும் சரி, சப்ளையும் சரி, ஆனாலும் எரியவில்லை என்றால் மட்டுமே லாம்ப் மாற்றவேண்டும். அளந்த எண்களைத் தாளில் எழுதிச் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள். நான் அப்படிக் கொடுத்தபோது, அங்கிருந்த எலக்ட்ரீஷியன் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு நேராக இடதுபக்க மூடியைக் கழற்றி, அந்தப் பக்கத்து எர்த் போல்ட்டையும் சுத்தம் செய்து கொடுத்தார்.